குணசுந்தரியின் வலது காதும் தகுதி மெய்ப்பிப்பு அலுவலகமும்

காது மடலின் அடியில் தொங்கும் மெல்லிய சதைக்குச் சோணை என்று பெயர். கேட்டல் என்னும் தொழிலில் அதற்குப் பங்கு இல்லை. அணிகலன் தாங்குவது ஒன்றே அதன் கடமை. இத்துணைச் சிறிய கடமையையுடைய ஓர் உறுப்பின் பொருட்டு ஓர் அலுவலகமும், மூவர் கொண்ட ஒரு குழுவும், ஒரு ஜீப் வண்டியும் இயங்க நேரும் என்பதைக் கடம்பத்தூர் தேசப்பன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றாம் ஆண்டுக்கு முன்னர் அறிந்திருக்கவில்லை.

அவருடைய மனைவி குணசுந்தரியின் வலது சோணை கிழிந்த வரலாறு சுருக்கமானது. அத்திப்பட்டில் வாழ்ந்த தம் தங்கை குப்பம்மாளைக் காணும்பொருட்டு அவர் மனைவியுடன் புறப்பட்டார். கடம்பத்தூர் நிலையத்தில் பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. தேசப்பன் முதலில் ஏறினார். குணசுந்தரி ஒயர்க் கூடையைத் தோளுக்கு மேல் உயர்த்தினாள். அதற்குள் வண்டி நகர்ந்தது. அத்தகைய வேளையில் ஒரு கணவன் பற்ற வேண்டியது மனைவியின் கையையா, கூடையையா என்பது ஆராயத்தக்க வினாவாகும். தேசப்பன் ஆராயாமல் கூடையைப் பற்றி இழுத்தார். கூடையிலிருந்து பிரிந்த ஒயர் ஒன்று அவளது ஜிமிக்கியில் மாட்டியிருந்தது. கூடை வந்தது, கூடையோடு ஜிமிக்கியும் வந்தது, ஜிமிக்கி வந்த வழியில் சோணை இரண்டாகப் பிளந்தது. கூடையிலிருந்த கத்தரிக்காய்களுக்குச் சேதம் இல்லை.

புண் ஆறிற்று, பிளவு கூடவில்லை. யார் கேட்டாலும் குணசுந்தரி, “ரயில்ல மாட்டிக்கிச்சி” என்று மட்டும் கூறிப் பழி முழுவதையும் இரயில்வேயின் மீது சுமத்தினாள். அவள் ஒருமுறையேனும் தம்மைத் திட்டியிருந்தால் தேசப்பன் அமைதியாக வாழ்ந்திருப்பார். அவள் திட்டவில்லை. ஆகவே அவர் அன்றுமுதல் மனைவியின் வலப்பக்கத்தில் உட்காருவதை விலக்கினார். இடப்பக்கம் அமர்ந்தே உண்டார். இடப்பக்கம் நின்றே பேசினார். வீட்டில் இடம் சிறிதாகையால் இவ்விரதம் சில வேளைகளில் அவரைச் சுவரோடு ஒட்டி நிற்கச் செய்தது.

இந்நிலையில் குப்பம்மாளின் மகளுக்கு ஆவணியில் காது குத்துவது என முடிவாயிற்று. தாய்மாமன் குழந்தையை மடியில் அமர்த்திக்கொள்வதும், தாய்மாமன் மனைவி புதுக் கம்மல் வைத்த தட்டை ஏந்தி நிற்பதும் அவர்கள் குடும்பத்து முறை. குணசுந்தரி தான் வரப்போவதில்லை என்று அறிவித்தாள்.

“ஊரே காதையே பாத்துக்கினு நிக்கிற எடத்துல, இந்தக் காத வச்சிக்கினு நான் தட்டு ஏந்தணுமா? நீ மட்டும் போய்க்கினு வா.”

அவள் குரலில் சினம் இல்லை. அதனைத் தாங்கமாட்டாமல் தேசப்பன் மறுநாளே அவளைத் திருவள்ளூரிலிருந்த தொழிலாளர் நல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே அறுவை மருத்துவராக யேசுதாஸ் என்னும் இளைஞர் புதிதாக வந்திருந்தார். அவர் சோணையின் இரு பாதிகளையும் விரல்களால் சேர்த்துப் பார்த்தார்.

“கால் மணி நேர வேலதாம்மா. ஓரத்த லேசா செதுக்கிட்டுத் தச்சிட்டா ஒட்டிக்கும். வெள்ளிக்கெழம வாங்க.”

பேச்சினிடையே, மருத்துவரின் தந்தை தாவீது என்பவர் அத்திப்பட்டுப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர் என்பது தெரியவந்தது. தேசப்பனின் தந்தையும் கூலிக்கு நாற்று நட்டவரே. ஆகவே தேசப்பன் பெருமகிழ்ச்சி எய்தினார். அம்மகிழ்ச்சி மருத்துவமனையின் வாயில்வரை நீடித்தது. வாயிலுக்கு அப்பால், மகிழ்ச்சி இருந்த அதே இடத்தில் ஓர் ஐயம் முளைத்தது. கால் மணி நேரம் என்கிறாரே, இவர் மெய்யாகவே படித்தவர்தாமா?

ஐயுறுவது தேசப்பனின் தொழிலும் ஆகும். ஊத்துக்கோட்டைச் சாலையிலிருந்த ஓர் ஆணி ஆலையில் அவர் சோதனைப் பிரிவில் பணியாற்றினார். ஒவ்வோர் ஆணியையும் இரும்புத் தகட்டின் துளையில் நுழைத்துப் பார்ப்பார். சரியாக நுழைந்தது பெட்டிக்குச் செல்லும். நுழையாதது சிவப்புத் தொட்டிக்குச் செல்லும். ‘நுழைத்துப் பாராமல் எதையும் நம்பாதே’ என்பதே அவருடைய ஃபோர்மேன் கற்பித்த முதற்பாடம். சோதியாமல் ஒருமுறை இழுத்ததன் விளைவை அவர் நாள்தோறும் வீட்டில் கண்டுவந்தார். அதே காதுக்குத் தம்மால் மீண்டும் ஒரு தீங்கு நேரலாகாது என உறுதி பூண்டார். மருத்துவரின் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தினுள் சான்றிதழ் ஒன்று தொங்கியது உண்மையே. ஆயின் அஃது ஆங்கிலத்தில் இருந்தது. தேசப்பன் ஆங்கிலத்தில் தம் ஆலையின் பெயரை மட்டுமே படிக்க வல்லவர்.

எனவே அவர் படிக்கத் தெரிந்த ஓர் அலுவலகத்தை நாடினார்.

தகுதி மெய்ப்பிப்பு அலுவலகம் என்பது தகுதியற்றோரிடமிருந்து மக்களைக் காக்கும்பொருட்டுத் தோற்றுவிக்கப்பட்டது. அது தோன்றிய நாள்முதல் எவரும் அங்கு வந்து எவருடைய தகுதியையும் கேட்டதில்லை. ஆதலால் தேசப்பன் படியில் கால் வைத்தபோது அலுவலகம் முழுவதும் எழுந்து நின்றது. பியூன் ஒரு நாற்காலியின் தூசியைத் தட்டினார். தலைமை எழுத்தர் ஆதிகேசவன் மூக்குக்கண்ணாடியை அணிந்து, கழற்றித் துடைத்து, மீண்டும் அணிந்தார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றார் தேசப்பன். “அந்த டாக்டரு நெசமாவே படிச்சவர்தானானு தெரிஞ்சிக்கினா போதும்.”

கேள்விகளைப் பெற்றுக்கொள்வதற்கு அலுவலகத்தில் ஏற்பாடு இல்லை என்பதை ஆதிகேசவன் வருத்தத்துடன் விளக்கினார். புகார்களைப் பெறுவதற்கே ஏற்பாடு உண்டு. தம்மிடம் புகார் எதுவும் இல்லையென்று தேசப்பன் பணிவுடன் தெரிவித்தார்.

“இல்லன்னா இன்னாய்யா? புகார்னு இருக்கிறது தலைப்புதானே. உள்ள உன் கேள்விதான் இருக்கும். பொதுஜனம் சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்படறது ஆபீஸோட வேல. நீ புகார மட்டும் குடு, சந்தேகத்த நாங்க பாத்துக்கறோம்.”

பின்னர் அவர் மருத்துவரின் பெயரைக் கேட்டார். தந்தையின் பெயரைக் கேட்டார். தந்தை செய்த தொழிலைக் கேட்டார். விடையைக் கேட்டபின் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து அதனினும் நல்லதொரு பேனாவை எடுத்தார்.

“நல்ல வேள வந்த. நாங்களா கேட்டா அது நல்லா இருக்காது. உங்க ஆளே வந்து கேட்டா அப்புறம் பேச்சே இல்ல பாரு.”

இக்கூற்றின் பொருள் தேசப்பனுக்கு அப்போது விளங்கவில்லை. அவர் கையெழுத்திட்டார்.

அலுவலகம் முதலில் புகார்தாரரைச் சோதித்தது. உயிர் காக்கும் அறுவை வேறு, அழகு நோக்கிய அறுவை வேறு. இரண்டாம் வகையில், அழகு குறைந்துள்ளதென்பதை வருவாய்த் துறை உறுதி செய்தாக வேண்டும். கடம்பத்தூர்க் கிராம முன்சீப் அதுநாள்வரை தென்னை மரங்களுக்கும் உழவு மாடுகளுக்கும் மட்டுமே சான்று வழங்கியவர். அவர் குணசுந்தரியைத் தெருவின் மறுபுறத்திலிருந்து சிறிது நேரம் நோக்கி, ‘மேற்படியாள் விபத்துக்கு முன்னர் நடுத்தர அழகு உடையவர், தற்போது ஒரு காதளவு குறைவு’ என எழுதித் தந்தார். தேசப்பன் அதனை மனைவிக்குப் படித்துக் காட்டியது தவறு.

“நடுத்தரமா?” என்றாள் அவள். “அவன் பொண்டாட்டியப் பாத்துட்டு எழுதனானா, என்னியப் பாத்துட்டு எழுதனானா?”

அடுத்து ஆதிகேசவன் அவளை அலுவலகத்துக்கு வரவழைத்துத் தம் மேசையின் எதிரில் நிறுத்தினார். கிழிந்த காது அவருடைய இடக்கைப் பக்கமாகத் தெரிந்தது. ஆகவே ‘இடது காது’ என்று பதிவு செய்து முத்திரையிட்டார். அது தன் வலது காது என்று குணசுந்தரி கூறினாள். அலுவலகத்தில் யாரும் குறுக்கே பேசலாகாது என்று பியூன் கூறினார்.

அதன் பின்னரே மருத்துவரின் முறை வந்தது. சான்றிதழின் நகல் ஒன்று கேட்டுப் பெறப்பட்டது. எந்த நகலும் உண்மை நகலாக மாறுவதற்குக் கெஜட்டெட் அதிகாரி ஒருவர் அதில் கையெழுத்திட வேண்டும் என்பது நாடறிந்த விதி. இஃது அறுவைச் சான்றிதழாகையால் அவ்வதிகாரி அறுவை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டுமென அலுவலகம் கருதியது. அலுவலகத்தின் எல்லைக்குள் அத்தகைய அதிகாரி ஒருவரே இருந்தார். அவர் தொழிலாளர் நல மருத்துவமனையின் அறுவை மருத்துவர் யேசுதாஸ். நகல் அவருக்கு அனுப்பப்பட்டது. அவர் சிரித்துவிட்டு, சுவரிலிருந்த சட்டத்தை இறக்கி ஒப்பிட்டு, ‘மூலத்துடன் பொருந்துகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஐயத்துக்கு உரியவர் தம்மைத் தாமே மெய்ப்பித்துக்கொண்ட இச்செயல் அலுவலகத்தை அதிர்ச்சிக்குள்ளாக்கியது. அன்று மாலையே ஆணை பிறந்தது. விசாரணை முடியும்வரை மருத்துவர் யேசுதாஸ் மருத்துவமனைக்கு வரலாம், நாற்காலியில் அமரலாம், கத்தி, கத்தரிக்கோல், ஊசி ஆகியவற்றைப் பார்க்கலாம், தொடுதல் கூடாது. அவர் வீட்டுச் சமையலறையிலுள்ள அரிவாள்மனை இவ்வாணைக்குள் அடங்குமா என்று விளக்கம் கேட்டு மேலிடத்துக்குத் தனிக் கடிதம் அனுப்பப்பட்டது.

குறித்த வெள்ளிக்கிழமை தேசப்பன் மனைவியுடன் சென்றபோது அறுவை அறை பூட்டியிருந்தது. குடலிறக்கம் கண்ட ஒரு முதியவரை அவர் மகன் சென்னைப் பேருந்துக்குக் கைத்தாங்கலாக நடத்திச் சென்றான். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பட்டறையொன்றில் விரலை நசுக்கிக்கொண்ட தொழிலாளி ஒருவர், கட்டிய துணியில் இரத்தம் ஊற, எங்கே போவது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவமனை ஆயா ஞானம்மா தேசப்பனின் எதிரில் வந்து நின்றாள்.

“நீதானா அந்தப் புகார்க்காரன்? உள்ள வந்து பாருய்யா. நல்லா இருந்த மனுசன், கையிருந்தும் இல்லாத மாதிரி ஒக்காந்துக்கினு இருக்காரு.”

தேசப்பன் கதவிடுக்கு வழியே பார்த்தார். யேசுதாஸ் கட்டுத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். துணியைத் தொடுவதற்குத் தடை இல்லை. அவர் தலை நிமிர்ந்து, வாருங்கள் என்பதுபோல் புன்னகை செய்தார். தேசப்பன் அப்புன்னகையினின்றும் தப்பி, வேறு வழியாக வெளியேறினார். குணசுந்தரி முன்வாயிலில் அவருக்காக நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது.

ஆலையில் அவருக்குப் பணி ஓடவில்லை. சோதித்த ஆணி ஒவ்வொன்றும் சிவப்புத் தொட்டிக்கே சென்றது. இந்த வேகத்தில் சென்றால் நாட்டில் எவரும் சுவரில் படம் மாட்ட இயலாது என்று ஃபோர்மேன் எச்சரித்து, அவருக்கு விடுப்பு அளித்தார். அவ்விடுப்பில் தேசப்பன் தம் புகாரைத் திரும்பப் பெறும்பொருட்டு அலுவலகத் தலைவர் ராமஸ்வாமியைச் சந்தித்தார்.

ராமஸ்வாமி நிறைந்த பண்பாளர். வந்தவரை அமரச் செய்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்த பின்னரே பேசினார்.

“தாராளமா வாபஸ் வாங்கலாம், மிஸ்டர் தேசப்பன். குடுத்த புகார் பொய்னு எழுதிக் குடுங்க. பொய்ப் புகார் குடுத்ததுக்கு உங்க மேல நடவடிக்கை எடுப்போம். பொய் இல்லன்னா அவர் மேல எடுப்போம். இந்த ஆபீஸ்ல ரெண்டு வழிதான். யாராவது ஒருத்தர் மேல குத்தம்னு ஆனாத்தான் ஃபைல மூட முடியும்.”

“ரெண்டு பேருமே நல்லவங்களா இருந்தா, சார்?”

ராமஸ்வாமி சிந்தித்தார். அவருக்கு இது புதிய கருத்தாக இருந்தது.

“அப்ப நாங்க எதுக்கு?” என்று கேட்டார்.

தேசப்பனின் ஆலையிலும் ஒரு பெட்டியும் ஒரு தொட்டியுமே இருந்தன. இத்தனை ஆண்டுகளில், துளையில் நுழைக்கப்படும் ஆணிக்கு எவ்வாறு இருக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. குற்றத்தைத் தம் மீது ஏற்றுக்கொள்ள அவர் துணிந்தார். ஆயின் பொய்ப் புகார் எழுதியவரை ஆலை வேலையினின்று நீக்கும் என்பதை ராமஸ்வாமி அதே பண்புடன் சுட்டிக்காட்டவே, நீட்டிய கையைத் தேசப்பன் மடக்கிக்கொண்டார். மடக்கிய கையைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

நடந்த அனைத்தையும் மனைவியிடம் ஒப்பித்தார். அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல் இடப்பக்கம் நின்றார்.

“எல்லாம் உன் காதுக்காவத்தான் செஞ்சேன் குணா. டாக்டருன்னா கேட்டுத் தெரிஞ்சிக்கணுமா இல்லியா?”

“கேக்கணும்” என்றாள் குணசுந்தரி. “பாஷ்யம் டாக்டர் உன் முதுகுக் கட்டிய அறுத்தாரே, அப்ப இன்னா கேட்ட?”

பாஷ்யம் என்பவர் யேசுதாஸுக்கு முன்னர் அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தவர். அவருடைய அறைச் சுவரில் சான்றிதழ் தொங்கியதா என்பதே தேசப்பனின் நினைவில் இல்லை. தாம் வாயிலிலேயே செருப்பைக் கழற்றியதும், துண்டை அக்குளில் இடுக்கியதும், “சாமி” என்று அழைத்ததும் நினைவில் இருந்தன. பெயரைக் கேட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அறுத்தது சற்று ஆழமாகிப் பத்துப் பதினைந்து நாள் படுக்க நேர்ந்தபோதும், அது தம் முதுகின் குறை என்றே கருதினார்.

“அவர்கிட்ட கேக்கல” என்றாள் அவள், கீரைக் காம்புகளை ஒதுக்கியவாறு. “நம்ம ஊட்டுப் புள்ள மாரி ஒருத்தன் வந்து ஒக்காந்தான். அவன்கிட்ட கேட்ட. காது கிழிஞ்சப்போகூட நான் உன்ன ஒண்ணும் சொல்லல. இதுக்குச் சொல்லாம இருக்க முடியல.”

அவர் இத்தனை மாதங்களாக எதிர்பார்த்திருந்த திட்டு இவ்வாறு வந்து சேர்ந்தது. அது காதைக் குறித்ததாக இருந்திருக்கக் கூடாதா என்று அவர் ஏங்கினார்.

ஆவணி பிறந்தது. மருத்துவர் மெய்யானவரா என்பதை நேரில் கண்டறிய மூவர் குழு ஒன்று அமைந்தது. ராமஸ்வாமி தலைவர், ஆதிகேசவன் செயலாளர். மூன்றாமவர் ஒரு தொழில்நுட்ப வல்லுநராக இருத்தல் வேண்டும் என்னும் விதிக்கிணங்கக் கும்மிடிப்பூண்டியிலிருந்து கொதிகலன் ஆய்வாளர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவரிடம் ஜீப் வண்டி இருந்தது. குழுவின் முன்னிலையில் மருத்துவர் ஓர் அறுவை செய்து காட்ட வேண்டும். அதற்குரிய உடல் புகார்தாரரின் தரப்பிலிருந்து வழங்கப்பட வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. இதனைத் தேசப்பன் தயங்கித் தயங்கி மனைவியிடம் தெரிவித்தார்.

“நான் ஒக்கார்றேன்” என்றாள் குணசுந்தரி. “அந்தப் புள்ள கையில கத்தி வந்தா சரி.”

அறுவை அறை திறக்கப்பட்டது. மூன்று நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டன. குழுவினருக்குப் போண்டாவும் காப்பியும் வந்தன. குணசுந்தரி மேசையில் படுத்தாள். யேசுதாஸ் கைகளைக் கழுவிக்கொண்டு வலது காதை அணுகியபோது ஆதிகேசவன் எழுந்து தடுத்தார். கோப்பில் இருப்பது இடது காது. இடது காதோ முழுமையாக இருந்தது. கோப்பைத் திருத்த வேண்டுமாயின் அறுவை மருத்துவர் ஒருவரின் சான்று தேவை. இருந்த ஒரே அறுவை மருத்துவர் விசாரணையில் இருந்தார். இடது காதையும் சற்றே கிழித்துவிட்டால் கோப்பு பொருந்திவிடும் என்றும், பின்னர் இரண்டையும் சேர்த்துத் தைக்கலாம் என்றும் ஆதிகேசவன் யோசனை கூறினார். தேசப்பன் அஞ்சி மேசையின் அருகே ஓடினார். தம்மை அறியாமலேயே வலப்பக்கம் சென்று நின்றார்.

ராமஸ்வாமி கையை உயர்த்தினார்.

“அவசரப்படாதீங்க. அந்தம்மாவ எதிர்ல நிக்க வச்சி எழுதினீங்க. உங்களுக்கு எடது பக்கமா தெரிஞ்சது. அப்ப அது எடதுதான். பொதுஜனத்துக்கு அவங்கவங்க எடது வலது இருக்கலாம். அது அவங்க சொந்த விஷயம். ஆபீஸ் நாற்காலியில ஒக்காந்து பாத்தா எது எடதோ, அதுதான் எடது. ஆபீஸ் எடம் மாறி ஒக்காந்து பாக்க முடியாது.”

குழு இத்தீர்ப்பை ஏற்றுத் தன் நாற்காலிகளைக் கிழிந்த காது இடக்கைப் பக்கம் தெரியுமாறு நகர்த்திக்கொண்டது. யேசுதாஸ் மருந்தூசி போட்டு, ஓரங்களைச் செதுக்கித் தைக்கத் தொடங்கினார். இரத்தம் கண்டால் மயங்கும் இயல்புடைய ஆதிகேசவன் சுவரை நோக்கித் திரும்பியமர்ந்து, கண்ணால் கண்டதாக எழுதிக்கொண்டிருந்தார். பல நாள் ஓய்ந்திருந்த அவ்விரல்கள் சதையை எவ்வாறு தொட்டன என்பதைத் தேசப்பன் ஒருவரே உற்றுப் பார்த்தார். எந்த ஆணியையும் அவர் அத்துணை மென்மையாகத் தொட்டதில்லை.

கொதிகலன் ஆய்வாளர் குனிந்து, அந்தத் தையல் எத்தனை பவுண்டு அழுத்தம் தாங்கும் என்று கேட்டார்.

“ஒரு கம்மல் தாங்கும் சார்” என்றார் யேசுதாஸ்.

போண்டா தீர்வதற்குள் அறுவை முடிந்தது. ராமஸ்வாமி எழுந்து உரையாற்றினார்.

“டாக்டர் யேசுதாஸ் அசல் டாக்டர்தான்னு இந்தக் கமிட்டி ஒருமனதா தீர்மானிக்குது. ரொம்ப சந்தோஷம். ஆனா விசாரணைக்கு ஆளானவர் அதே எடத்துல, அதே நாற்காலியில வேல பாத்தாருன்னா, அப்ப விசாரணை எதுக்கு நடந்துச்சுன்னு ஜனங்க கேப்பாங்க. ஆபீஸோட மரியாதைனு ஒண்ணு இருக்கு. அதனால அவர மலையோரத்து ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு மாத்தச் சொல்லி எழுதறோம்.”

குழு கைதட்டியது. யேசுதாஸ் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்தார். ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்கத் தாம் அங்கு இருப்போமா என்று மட்டும் ஞானம்மாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவர் இருக்கவில்லை. தையல் பிரிக்கும் நாளன்று, நாற்காலியில் வேறொரு மருத்துவர் அமர்ந்திருந்தார். அவர் குணசுந்தரியின் காதைத் தொலைவிலிருந்தே பார்த்தார். அத்தையல்கள் ஒரு விசாரணையின் சான்றுப் பொருள்கள் என்றும், அலுவலகத்தின் அனுமதியின்றித் தாம் அவற்றைப் பிரித்தால் நாளை தம் மீதும் புகார் எழுமென்றும் கூறினார். இதைக் கூறும்போது அவர் தேசப்பனைப் பார்த்த பார்வையில் மரியாதை மிகுந்திருந்தது. அந்த மரியாதை தேசப்பனின் நெஞ்சைச் சுட்டது. அவர் மனைவியைக் கடம்பத்தூருக்குப் பேருந்தில் அனுப்பிவிட்டு, வாடகைச் சைக்கிள் ஒன்றில் அலுவலகத்துக்கு விரைந்தார். காது குத்து அந்த ஞாயிற்றுக்கிழமை.

“ஃபைல் மூடியாச்சே” என்றார் ஆதிகேசவன். “தொறக்கணும்னா புதுசா ஒரு புகார் வேணும். அதனால இன்னா? புது டாக்டர் மேல ஒண்ணு எழுதிக் குடேன். அவர் அப்பா பேரு இன்னா?”

நல்ல பேனா இழுப்பறையிலிருந்து வெளிவந்தது. தேசப்பன் இரு கைகளையும் முதுகின் பின்னே கட்டிக்கொண்டார். அந்தக் கோலத்திலேயே பின்னோக்கி நடந்து வாயிற்படியில் இடறி விழுந்து, எழுந்து வெளியேறினார். வந்தவர் ஒருவர் ஓடுவதை அலுவலகம் முதன்முதலாகக் கண்டது.

யேசுதாஸ் தம் வீட்டு வாயிலில் படுக்கையைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அரக்கோணம் செல்லும் பாசஞ்சரில் அன்றே புறப்படுகிறார். தேசப்பன் சைக்கிளை நிறுத்தாமலே இறங்கினார்; சைக்கிள் வேலியில் சாய்ந்தது. தாம் மனப்பாடம் செய்து வந்தவற்றை அவர் சொல்ல முயன்றார். தாம் பாஷ்யத்திடம் எதையும் கேட்டதில்லை என்பது மட்டுமே வாயில் வந்தது.

“நீங்க கேட்டது தப்பில்லண்ணே” என்றார் யேசுதாஸ், கயிற்றை இறுக்கியவாறு. “ஒடம்பக் குடுக்கறவங்க கேக்கத்தான் வேணும். ஆனா எல்லார்கிட்டயும் கேளுங்க.”

பின்னர் அவர் படுக்கையை மீண்டும் அவிழ்த்து, உள்ளேயிருந்து சிறு கத்தரிக்கோல் ஒன்றையும் மருந்துப் புட்டி ஒன்றையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வண்டி கடம்பத்தூர்ல நிக்கும்ல? அந்தம்மாவ ஜன்னலாண்ட கூட்டிக்கினு வந்து நில்லுங்க.”

தேசப்பன் மிதித்த மிதியில் சைக்கிளின் சங்கிலி இருமுறை கழன்றது. கணவனும் மனைவியும் நடைமேடையை அடைந்தபோது வண்டி வந்துகொண்டிருந்தது. எந்த இடத்தில் கூடை இழுக்கப்பட்டதோ அதற்குச் சற்றுத் தள்ளி யேசுதாஸின் ஜன்னல் வந்து நின்றது. குணசுந்தரி கம்பிகளின் மீது தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்தாள். உள்ளேயிருந்த பயணிகள் கழுத்தை நீட்டினர். யேசுதாஸ் மருந்தில் தோய்த்த கத்தரிக்கோலால் ஒவ்வொரு முடிச்சாக வெட்டி உருவினார். சோணை ஒன்றாகக் கூடியிருந்தது; நடுவே இளஞ்சிவப்பான ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

“ஞாயித்துக்கெழம காது குத்துக்குப் போலாமா டாக்டர்?” என்று கேட்டாள் அவள்.

“போங்கம்மா. நல்லாத் தட்டு ஏந்துங்க. கம்மல் மட்டும் கொஞ்ச நாள் போட வேணாம்.”

கார்டு ஊதினார். யேசுதாஸ் உடனே கையை உள்ளே இழுத்துக்கொண்டார். நகரும் வண்டியில் அவர் எதையும் இழுக்க விரும்பவில்லை. ஒரு தையல் எஞ்சியிருந்தது. வண்டி நகர்ந்தபோது அவர் கத்தரிக்கோலைத் தேசப்பனின் உள்ளங்கையில் வைத்தார்.

“கடைசி ஒண்ணுண்ணே. முடிச்சுக்குக் கீழ ஒரு வெட்டு. அப்புறம் மெதுவா இழுங்க.”

தேசப்பன் வண்டியோடு நடந்தார், பின்னர் ஓடினார். சொல்ல வேண்டியது எதுவோ அதனை நடைமேடை முடியும்வரை தேடினார். நடைமேடை முடிந்தது.

அவர் திரும்பி வந்தபோது குணசுந்தரி சிமெண்டு இருக்கையில் அமர்ந்திருந்தாள். அவர் அவளுடைய இடப்பக்கமாகச் சென்று நின்றார். தமக்கு இதெல்லாம் தெரியாது என்றும், சென்னைக்குப் போய் யாராவது நல்ல டாக்டரைப் பார்க்கலாம் என்றும் அவர் முணுமுணுத்தார்.

குணசுந்தரி இருக்கையில் சற்று நகர்ந்து, தன் வலப்பக்கத்தில் இடம் விட்டாள்.

“இந்தப் பக்கம் வந்து ஒக்காரு. உன்னாண்ட நான் சட்டிபிகேட் கேக்கல.”

அவள் கண்களை மூடிக்கொண்டாள். தேசப்பன் வலப்பக்கம் சென்று அமர்ந்தார். முடிச்சின் கீழே வெட்டினார். பின்பு, மிக மெதுவாக, இழுத்தார்.